போட்டியில்லாத ஊர்

1

நான் ஜெர்மன் பிரஜையாகி ஒரு வருஷம் ஆனதென்று வேலை செய்யும் இடத்தில் கேக் வெட்டினார்கள். முதியோர் இல்லம் அது. மேலாளர் கார்லா கேக்கின் மேல் இரண்டு கொடி குத்தியிருந்தாள், ஒன்று அவர்களுடையது, ஒன்று நம்முடையது. நம்முடையதைத் தலைகீழாகக் குத்தியிருந்தாள். நான் திருப்பிக் குத்தினேன். அவள் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை, உங்கள் கொடியில் எது மேலே என்று எனக்கும் ஐந்து வருஷம் குழப்பம் இருந்தது என்றேன்.

சித்தூர் ஜில்லாவில் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, திருப்பதியில் நர்சிங் படித்தபோது இங்கிலீஷ், இங்கே வந்தபிறகு ஜெர்மன். நாலு பாஷை தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் கோபம் வந்தால் நாலும் கலந்துதான் வரும். ஒருமுறை மருந்து துப்பிய தாத்தா ஒருவரை "ஏம்ப்பா இப்பிடி பண்ற" என்று அதட்டிவிட்டேன். அவர் பயந்து மாத்திரையை விழுங்கிவிட்டார்.

நான் இருக்கும் ஊர் போலந்து எல்லையை ஒட்டிய சின்ன ஊர். வாலிபர்கள் எல்லாம் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் கிழவர்களும், அவர்களைக் குளிப்பாட்டும் எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களும்தான். அந்த ஊரில்தான் இப்போது "நம் ஊர் நமக்கே" என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறது.

கேக் சாப்பிட்டுக் கை கழுவும்போது ஊரிலிருந்து என் அண்ணன் முனிரத்தினம் போன் செய்தான்.

"சுகுணா, நான் சர்பஞ்சுக்கு நிக்கப்போறேன்."

"இன்னா அண்ணா சொல்ற? நம்ம ஊர்ல ஏது எலக்சன்?"

"அதான் சொல்றேன். இந்தத் தபா எலக்சன் வரட்டும்னுதான் நிக்கிறேன்."

என் வாயிலிருந்து உடனே வந்த பதில் இது: "எதுக்கு அண்ணா கொடவ?"

2

கொடவ என்றால் சண்டை. தெலுங்கிலிருந்து எடுத்து எங்கள் தமிழில் போட்டுக்கொண்ட சொல். இதைச் சொல்லாமல் எங்கள் ஊரில் ஒரு நாள் போகாது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தேர்தல் என்றாலே அடிதடிதான். ஊரில் இரண்டு கோஷ்டி. மேலத்தெரு ஒன்று, எங்கள் கீழத்தெரு ஒன்று. ஒரு தேர்தலில் ஓட்டுச்சாவடி வாசலிலேயே உருட்டுக்கட்டை எடுத்துவிட்டார்கள். எங்கள் நைனாவுக்குக் கை எலும்பு முறிந்தது. அந்தக் கை கடைசிவரை முழுசாக நீளவில்லை, சோற்றைக் குனிந்துதான் சாப்பிடுவார். அதன்பிறகு இரண்டு தெருப் பெரியவர்களும் அம்மன் கோயிலில் உட்கார்ந்து பேசினார்கள். இனி ஓட்டே வேண்டாம், ஊரே கூடி சர்பஞ்சாக, அதாவது ஊராட்சித் தலைவராக, ஒரே ஆளைச் சொல்லிவிடலாம், வேறு யாரும் மனு போடக்கூடாது.

எங்கள் பக்கம் இதற்கு ஏகக்ரீவம் என்று பெயர். போட்டியில்லாமல் தேர்ந்தெடுத்தால் அரசாங்கம் ஊக்கத்தொகையும் கொடுக்கும். முதல் ஏகக்ரீவத்தில் ரிட்டயரான வாத்தியார் ஒருவரை உட்கார வைத்தோம். நல்ல மனுஷன். தண்ணீர்த்தொட்டி வந்தது. பேப்பர்காரர்கள் வந்து முன்மாதிரி கிராமம் என்று போட்டோ பிடித்தார்கள். அந்தப் போட்டோவில் நைனா வளைந்த கையோடு முதல் வரிசையில் நிற்பார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன். கை முறிந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தப்பு அதில் இல்லை. நல்லவருக்காகத் திறந்த கதவு அவருக்குப் பின்னாலும் திறந்தே கிடந்ததுதான் தப்பு.

வாத்தியாருக்கு அடுத்து யார் என்ற பேச்சு வந்தது. மேலத்தெரு ஆளைக் கீழத்தெரு ஒத்துக்கொள்ளாது, கீழத்தெரு ஆளை மேலத்தெரு ஒத்துக்கொள்ளாது. அப்போதுதான் பாஸ்கர் பெயர் அடிபட்டது. எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாதவன், சாலையோரம் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். யார் வீட்டில் போர் மோட்டார் நின்றாலும் பையன்களோடு வந்து இறங்குவான். சாவு விழுந்தால் பந்தல், நாற்காலி எல்லாம் அவன் பொறுப்பு. பையன்கள் எல்லோரும் தோளில் ஒரே நிறத்துண்டு போட ஆரம்பித்திருந்தார்கள். ஏதோ ஒரு கட்சியின் துண்டு. ராத்திரி கூட்டத்தில் "நம்ம மண்ணு நம்ம ஆளுக்கே" என்று மைக்கில் கத்துவார்கள். எங்களுக்கு அது சத்தமாகத்தான் கேட்டது, பேச்சாகக் கேட்கவில்லை.

"சின்னப் பையன், எதுனா கத்திக்கினு இருப்பான். நாற்காலில உக்காந்தா அடங்கிடுவான். நம்ம சொல்லு மீறமாட்டான்" என்றார் நைனா. மேலத்தெருப் பெரியவரும் அவர் வீட்டில் இதே வார்த்தையைச் சொன்னாராம். இரண்டு பேருமே அவன் தங்கள் கைக்குள் இருப்பதாக நினைத்தார்கள். எதிர்த்தெருக்காரன் வருவதைவிட இவன் வந்தால் தேவலை என்று நினைத்தார்கள்.

3

இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர் க்ரூகர். கூரை வேய்பவர், ஐம்பது வயசு. பனிக்காலத்தில் தன் வாசலைச் சுரண்டிவிட்டு என் வாசலையும் சுரண்டுவார். எங்கள் பெண் நிலா சின்னவளாக இருந்தபோது அவளுக்கு மரத்தில் ஊஞ்சல் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். அவர் தோட்டத்துப் பிளம்ஸ் ஜாம் வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டு மாங்காய் ஊறுகாய் அவர் வீட்டுக்குப் போகும். அவர் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டு அழுவார்.

அந்த க்ரூகர்தான் இப்போது மேயர் பதவிக்கு நிற்கிறார். சுவரொட்டி ஒட்டிய கட்சியின் வேட்பாளர்.

வேலி ஓரத்தில் நின்று கேட்டேன். "வெளியிலிருந்து வந்தவர்களை எல்லாம் அனுப்பவேண்டும் என்கிறதே உங்கள் கட்சி?"

"உன்னைச் சொல்லவில்லை சுகுணா. நீ நம்மவள்."

இந்தப் பதில் எனக்குப் பழக்கமானது. இதை நான் முதலில் கேட்டது ஜெர்மன் பாஷையில் இல்லை.

அவரை எதிர்த்து யாரும் மனு போடவில்லை. பழைய கட்சி இரண்டுக்கும் இந்த ஊரில் ஆள் இல்லை. இருக்கிற ஓரிருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளமாட்டார்கள். சம்பளமில்லாத பதவி, திட்டு மட்டும்தான் வரும், எவனுக்கு வேண்டும் என்கிறார்கள். பல் டாக்டர் ஒருவர் என்னிடமே சொன்னார், "உட்காரட்டும். உட்கார்ந்தால் அடங்கிவிடுவார். நாலு பேப்பரில் கையெழுத்துப் போட்டாலே கஷ்டம் தெரிந்துவிடும்." பல்லைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்த எனக்கு அந்த நிமிஷம் நைனா குரல் கேட்டது. வாயில் மெஷின் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

கார்லா என்னை நிற்கச் சொன்னாள். "ஜெயிக்க முடியாது. ஆனால் ஓட்டுச்சீட்டில் இரண்டு பெயராவது இருக்கவேண்டும். உன்னை எல்லா வீட்டுக்கும் தெரியும், எல்லார் அம்மாவையும் நீதான் குளிப்பாட்டுகிறாய்." நான் தலையாட்டி மறுத்தேன். எனக்கு எதற்கு வம்பு என்றுதான் நினைத்தேன். இதில் வீரம் காட்ட எனக்கு விருப்பமில்லை.

நிலா இதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. படிப்பு முடிந்ததும் பெரிய நகரம் போய்விடுவாள். "நீங்களும் வந்துடுங்க. இந்த ஊர்ல இருக்கணும்னு யார் சொன்னா?" என்று அரைத்தமிழில் கேட்பாள். எனக்குக் கோபம் வரும். எல்லாரும் அப்படிப் போனதால்தான் ஊர் இப்படி ஆனது என்று கத்துவேன். "நீயும்தானே உன் ஊரை விட்டு வந்த?" என்பாள்.

4

பாஸ்கர் உட்கார்ந்தான், அடங்கவில்லை.

எங்கள் தோப்பு மாங்காயைப் பூவிலேயே குத்தகைக்கு எடுப்பவர் காதர் பாய். நைனா காலத்திலிருந்து அவர்தான். எழுத்து ஒன்றும் கிடையாது, பூ பார்த்துப் பேசுவார், பேசியதைக் கொடுப்பார். பெருமழையில் பூ உதிர்ந்த வருஷமும் பேச்சு மாறாதவர். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்.

பாஸ்கர் வந்த மறு வருஷம் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டார்கள். ஊர்த் தோப்புகளை ஊர் ஆளுக்குத்தான் கொடுக்கவேண்டும். ஊர் ஆள் என்றால் யார் என்று எழுதவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓட்டுப் போடுவதை நிறுத்தியதோடு எதிர்த்துப் பேசுகிற பழக்கமும் எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. அதுவும் ஏகக்ரீவம் என்றே எழுதிக்கொண்டார்கள்.

காதர் பாயின் லாரியை ஊர் எல்லையில் துண்டுக்காரப் பையன்கள் மறித்தார்கள். நைனா போய்ப் பேசினார். "உங்களச் சொல்லல பெரீப்பா, நீங்க நம்மாளு" என்றான் பாஸ்கர். காதர் பாய் லாரியைத் திருப்பிக்கொண்டு போய் பங்காருபாளையம் மண்டியில் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு எங்கள் காய்க்கு ஒரே வியாபாரி, பாஸ்கரின் மச்சான். அவன் சொன்னதுதான் விலை. மேலத்தெருவும் கீழத்தெருவும் சேர்ந்து முனகின, வீட்டுக்குள் மட்டும்.

சபையில் கணக்குக் கேட்ட ஒரே ஒருவரின் பைக் எரிந்தது. ஒயர் கோளாறு என்றார்கள். அடுத்த முறை பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பாஸ்கர் தன் மனைவியை உட்கார வைத்தான், அதுவும் ஏகக்ரீவம். அவள் கையெழுத்துப் போட்டதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. நைனா அதற்குள் போய்விட்டார். நல்லவேளை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் நினைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் அண்ணன் பிடிவாதமாகத் தன் காயை டிராக்டரில் ஏற்றிப் பங்காருபாளையம் கொண்டுபோய்க் காதர் பாயிடமே போட்டான். மறுநாள் பையன்கள் வீட்டுக்குள் வந்து அண்ணி முன்னால் கேட்டார்கள், யாரைக் கேட்டு வண்டி கிளப்பினாய் என்று.

"என் மரம், என் காயி. நான் யாருக்கு விக்கிறதுன்னு கேக்க அவன் யாரு சுகுணா?" என்றான் போனில்.

"உன்ன அடிச்சிப்போட்டா?"

"அடிச்சா அடிக்கட்டும். நைனாவக்கூடத்தான் அடிச்சாங்க. அவரு ஓட்டுப் போடப்போய் அடி வாங்குனாரு. நான் ஓட்டுப் போடாமயே வாங்கிக்கினு கீறேன்."

அண்ணனுக்கு ரத்த அழுத்தம் உண்டு. பையன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு ஜனநாயகம் எல்லாம் வேண்டாம், அண்ணன் முழுசாக இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. அதை அவனிடம் அப்படியே சொன்னேன். அவன் சரி சரி என்று வைத்துவிட்டான். அவன் சரி என்று இரண்டு முறை சொன்னால் கேட்கப்போவதில்லை என்று அர்த்தம்.

இந்த முறை பதவி பொதுவாகிவிட்டதால் பாஸ்கரே மனு போட்டிருந்தான். அண்ணன் மனுவை முன்மொழிய ஊர் வோட்டர் ஒருவர் கையெழுத்து வேண்டும். ஒரு வீடு விடாமல் போனான். எல்லோரும் தண்ணீர் கொடுத்தார்கள், கையெழுத்துக் கொடுக்கவில்லை. நான் போட்டிருப்பேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் என் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒரு வருஷத்துக்கு முன் தூதரக ஜன்னலில் நீட்டி செல்லாதென்று ஓட்டை போட்டு வாங்கிக்கொண்டவள் நான். கடைசியில் அண்ணி போட்டாள். போட்டுவிட்டு, "இனிமே இந்த ஊட்ல எனக்குத் தெரியாம எதுவும் பண்ணக்கூடாது" என்றாளாம்.

5

வாபஸ் வாங்கக் கடைசி நாள். இங்கே எனக்குக் காலை இடைவேளை. அண்ணன் எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. கூப்பிட்டது அவன் இல்லை, போனைப் பிடித்திருந்தது மேலத்தெருப் பெரியவர்.

வீட்டுக்கூடம் நிறைய ஆட்கள். நடுவில் ஒரு நாற்காலி மேல் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய். எங்கள் ஊரில் சமாதானம் பேச இப்படித்தான் வருவார்கள். தாம்பாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். நாற்காலிக்கு இந்தப் பக்கம் அண்ணன் கைகட்டி நிற்கிறான், அந்தப் பக்கம் பாஸ்கர். வயிறு வைத்திருந்தது, முடி நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் மோட்டார் கடைச் சிரிப்பு.

"செல்லெம்மா, பாகுன்னாவா?" என்றான் என்னைப் பார்த்து. தங்கச்சி, நல்லா இருக்கியா என்று.

"இருக்கேன்."

பெரியவர் போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். "அம்மா சுகுணா, நீ படிச்சவ. வெளிநாட்ல கீற. உங்கண்ணன் யாரு சொன்னாலும் கேக்கமாட்டன்றான். நீ சொன்னா கேப்பான். தட்டத் தொடச் சொல்லும்மா. ஊர்ல மறுபடியும் ரத்தம் வேணாம். எதுக்கு கொடவ?"

அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. இவர் வயசாளி, நைனா கை முறிந்த அன்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். எதிர்க்கோஷ்டிக்காரராக இருந்தும் ஓடியவர்.

எல்லோரும் போனைப் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தாள். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. தொடு அண்ணா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தொட்டிருப்பான், எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வாரமாக அதைத்தானே வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது பாஸ்கர் உள்ளே புகுந்தான். "உன்னையும் உங்கண்ணனையும் யாரு இன்னா சொன்னாங்க செல்லெம்மா? நீங்க நம்மாளு."

எனக்குச் சுர்ரென்று வந்தது.

"பாஸ்கரண்ணா, ஒண்ணு கேக்கறேன். ஊரே உன் பக்கம்தானே?"

"அதுல இன்னா சந்தேகம்?"

"அப்ப ஓட்டு வெச்சா நீதானே ஜெயிப்ப? எங்கண்ணனுக்கு எங்க ஊட்டு ஓட்டுத்தான் விழும். அப்புறம் இந்தத் தாம்பாளம் எதுக்கு? இத்தினி பேரு எதுக்கு?"

பாஸ்கர் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. பெரியவர் தாம்பாளத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு பாஸ்கரைப் பார்த்தார். இந்தக் கேள்வி அவருக்கும் புதுசு என்று தெரிந்தது.

"அண்ணா, எனக்குப் பயமாத்தான் கீது. நீ இன்னா பண்ணணுமோ பண்ணு" என்றேன். அதற்குள் மேல்மாடியில் யாரோ மணி அடித்துவிட்டார்கள். போனை வைத்துவிட்டு ஓடினேன்.

அண்ணன் தாம்பாளத்தைத் தொடவில்லை. சாயந்திரம்வரை அது நாற்காலியிலேயே இருந்ததாம். கடைசியில் அண்ணி வாழைப்பழத்தை மட்டும் எடுத்துத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்தாளாம்.

6

இல்லத்தில் லேமான் அம்மா என்று ஒருவர் இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறார். அவர் இளவயதில் இந்தப் பகுதியில் ஒரே கட்சி ஆட்சி. தேர்தல் உண்டு, போட்டி கிடையாது. சீட்டு அச்சடித்தே கையில் கொடுப்பார்கள், மடித்துப் பெட்டியில் போடவேண்டியதுதான்.

"ஓட்டுப் போடப் போகிறோம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். மடிக்கப் போகிறோம் என்போம்" என்றார். "மூலையில் மறைப்பு இருக்கும். பெயரை அடிக்க வேண்டுமானால் அங்கே பென்சிலும் இருக்கும். ஆனால் மறைப்புக்குள் போனவர்களைக் குறித்துக்கொள்வார்கள். நான் ஒருமுறைகூடப் போகவில்லை."

"ஏன்?"

"எதற்கு வீண் சண்டை?" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

அவருக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பெரியவர், நைனா, லேமான் அம்மா, பல் டாக்டர், நான். ஒருவரும் கெட்டவர் இல்லை. கத்துகிறவன் எல்லா ஊரிலும் உண்டு. அவனைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைப்பது எங்களைப் போன்ற சாந்தமான ஆட்கள்தான். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. சாக்ஸை இழுத்த வேகத்தில் லேமான் அம்மா "மெதுவாக!" என்றார்.

வேலை முடிந்து கார்லாவின் அறைக்குப் போய், என் பெயரைக் கொடு என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

க்ரூகர் மறுநாள் வேலி ஓரத்தில் நின்றார். முகம் வாடியிருந்தது. "நாம் நல்ல பக்கத்து வீட்டுக்காரர்கள். எதற்கு சுகுணா இது?"

"ஜாம் எப்போதும்போல அனுப்புங்கள், ஊறுகாய் வரும்" என்றேன். "தேர்தலும் வரட்டும்."

நிலா சுவரொட்டிக்கு என்னைப் படம் பிடித்தாள். சிரிக்கச் சொன்னாள், வரவில்லை. "பரவால்ல, கோபமாவே இரு. அதான் நீ" என்றாள். தபாலில் வந்து கிடந்த வாக்காளர் அட்டையை அவள் எடுத்துப் பத்திரப்படுத்தியது அதன்பிறகுதான்.

7

எங்கள் ஊர்த் தேர்தல் முடிந்தது. அண்ணனுக்கு அடி விழவில்லை. தோப்பில் இளம் மரங்கள் சிலவற்றை யாரோ வெட்டிப்போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதக் கை கூசுகிறது, அவை நைனா ஒட்டுக் கட்டிய மரங்களின் வழி வந்தவை.

பாஸ்கர் ஜெயித்தான். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தான். அண்ணனுக்கு டெபாசிட் போனது. நான் ஆறுதல் சொல்லக் கூப்பிட்டால், அவன் குரலில் சிரிப்பு இருந்தது.

"சுகுணா, நம்ம ஊட்ல எத்தினி ஓட்டு?"

"நீ, அண்ணி, உம் பையன். மூணு."

"பெட்டியத் தொறந்தா அதவிட எவ்ளோ ஜாஸ்தி தெரியுமா? எண்ணுனவங்களே ரெண்டு தபா எண்ணுனாங்க. பாஸ்கரு மூஞ்சியப் பாக்கணுமே."

"யாரு அண்ணா போட்டது?"

"அதான் தெரியல. எனக்குக் கையெழுத்துப் போடாம தண்ணி குடுத்தவங்கதான். எந்த ஊடுன்னு தெரியல. மேலத்தெருவா கீழத்தெருவான்னுகூட தெரியல. அவங்களுக்குள்ளயே ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. டீக்கடைல எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு கீறாங்க. அவனும் தேடிக்கினு கீறான், நானும் தேடிக்கினு கீறேன்."

"நீ எதுக்கு அண்ணா தேடற?"

"இத்தினி வருசமா நான் ஒருத்தன்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன் சுகுணா" என்றான். குரல் உடைந்துவிட்டது. நானும் அழுதேன்.

இங்கே எங்கள் ஊரில் ஓட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நானும் தோற்பேன். இன்று காலை லேமான் அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மறைப்புக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்று கேட்டார்.

நுழையும், நான் போய் அளந்து பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.